இங்கிலாந்தில் பழைய டெரஸ் வீடு வாங்கியிருக்கிறோம். மூடிக் கிடக்கும் கணப்பைத் திறந்து லாக் பர்னர் (விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு) வைக்க ஆசை. சிம்னியோடு சேர்த்துப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

முதலில் சிம்னி, அப்புறம்தான் அடுப்பு. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அடுப்பை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பீர்கள், "நான் வந்து மாட்டித் தருகிறேன்" என்று தெரிந்த ஆள் ஒருவரும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நம்மவர்கள் வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்த ஆளுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நான் இருப்பது மேற்கு யார்க்‌ஷயரில். விக்டோரியா காலத்துக் கல் வீடு, வரிசையில் நடு வீடு. 2022இல் எரிவாயுக் கட்டணம் ஏறிய ஏற்றத்தில், முன்னறையில் மட்டுமாவது விறகு எரிக்கலாம் என்று முடிவு செய்தோம். நண்பர் ஒருவர் தன் உறவினரை அனுப்பி வைத்தார். வந்தவர் கணப்பின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், சுவரை இரண்டு தட்டு தட்டினார். "நல்ல சிம்னி அண்ணா, லைனர் எல்லாம் தண்டச் செலவு. வாய்க்கு ஒரு தகடு வெட்டிப் போட்டு குழாயை மேலே விட்டுட்டா முடிஞ்சுது" என்றார். லைனர் என்பது புகைவழிக்குள் இறக்கும் உலோகக் குழாய். முறையாகப் பதிவு பெற்ற ஆள் கேட்டதில் கால்வாசிதான் அவர் சொன்ன தொகை. ரொக்கமாகத் தரவேண்டும், சான்றிதழ் கிடையாது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் நண்பருக்கு வருத்தம். எங்கள் வாட்ஸப் குழுவில் "பயந்தாங்கொள்ளி", "வெள்ளைக்காரனுக்குத்தான் காசைக் கொட்டுவான்" என்றெல்லாம் பேச்சு ஓடியது. அங்கே நான் ஒரு வரி பதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஹீட்டாஸ் பதிவு பெற்ற ஒருவரைப் பிடித்தோம். திட எரிபொருள் அடுப்பு பொருத்துபவர்களுக்கான பதிவு அமைப்பு அது. அவர் அடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை; முதலில் சிம்னியைச் சுத்தம் செய்யச் சொன்னார். சுத்தம் செய்ய வந்தவர் தூரிகையைச் சுழற்றச் சுழற்றச் சாக்கு சாக்காகச் சுள்ளி விழுந்தது. ஜாக்டா என்று ஒரு சின்னக் காக்கை இனம் இங்கே உண்டு, அதற்குச் சிம்னிதான் வீடு. ஆட்டு மயிர், சேறு, சுள்ளி எல்லாம் சேர்ந்து மேல்பகுதி கிட்டத்தட்ட அடைத்தே கிடந்தது. கீழிருந்து டார்ச் அடித்தவருக்கு இது தெரியவில்லை, தெரியவும் தெரியாது. மாடிக் கணப்பைத் தவிர்க்க அந்தக் காலத்துக் கொத்தனார்கள் புகைவழியை வளைத்துத்தான் கொண்டுபோவார்கள். வளைவுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்து புகைச் சோதனை. உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். ஹீட்டாஸ்காரர் புகைவழியை முதலில் சூடாக்கினார். பிறகு புகை வில்லைகளைப் பற்றவைத்துக் கீழ்வாயை அடைத்தார். கூரைமேல் புகை வருவதை உறுதி செய்துகொண்டு மேலேயும் மூடிவிட்டு, "இப்போது எல்லா அறையையும் பார்ப்போம்" என்றார். மாடியில் என் மகளின் கட்டில் அந்தச் சிம்னிச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. தலையணைக்குப் பக்கத்தில், சுவரடிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே, நூல் மாதிரி வெள்ளையாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது. வால்பேப்பர் இரண்டு தாள் சேரும் இடத்திலும் கசிவு. பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டு அவர்கள் பரணிலும் ஏறிப் பார்த்தோம், அங்கேயும் புகை.

காரணத்தையும் அவரே விளக்கினார். ஒரே சிம்னித் தூணுக்குள் பல புகைவழிகள் போகின்றன. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் தடுப்பு மட்டுமே. நூறு வருடத்துக்கு மேல் நிலக்கரி எரித்ததில் வந்த கந்தக அமிலம் சுண்ணாம்புச் சாந்தை அரித்துவிடும். தடுப்பில் செங்கல் கழன்று விழுந்தால் உங்கள் புகை அடுத்த அறைக்கோ அடுத்த வீட்டுக்கோ போகும். சுவரைத் தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அன்றைக்கு வந்தது கண்ணுக்குத் தெரிகிற புகை. அதே விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு வந்தால் நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். காற்றுத் திறப்பைக் குறைத்துவிட்டு நாம் படுக்கப் போன பிறகு கங்கு புகைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் அது அதிகம் உருவாகும். தலைவலி, குமட்டல், அசதி என்று சளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும். வெளியே போனால் சரியாகும், வீட்டுக்கு வந்தால் திரும்பும். நான் வேண்டாம் என்று சொன்னவர் அன்றே தகட்டை வெட்டிப் போட்டுக் குழாயை விட்டிருந்தால் அந்தக் கட்டிலில் யார் படுத்திருப்பார் என்பதை அந்த வாட்ஸப் குழுவில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

"ஊர்ல நம்ம அம்மா, ஆயா எல்லாம் காலம் முழுக்க விறகு அடுப்புலதான் சமைச்சாங்க, என்ன ஆயிடுச்சு?" என்று கேட்பவர்கள் வருவார்கள். ஆகியிருக்கிறது ஐயா. என் ஆயா வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. கடைசிப் பத்து வருடம் இருமி இருமியே கழிந்தது. மருத்துவர் முதலில் கேட்டதே "எந்த அடுப்பில் சமைப்பீர்கள்?" என்றுதான். அதிலும் அது நாட்டு ஓடு வேய்ந்த வீடு, ஓட்டிடுக்கு வழியாகப் புகை போய்விடும். இங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கதவிடுக்குக்கெல்லாம் ரப்பர் பட்டை. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

சரி, எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்து விதி. ஸ்காட்லாந்துக்கு வேறு விதிகள் உண்டு. நான் தொழில்காரன் இல்லை. என் வீட்டில் நடந்ததும், கட்டட விதிகளின் ஜே ஆவணத்தை உட்கார்ந்து படித்ததும்தான் என் அறிவு. அது அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நீங்களும் படியுங்கள்.

பழைய புகைவழிக்குள் துருப்பிடிக்காத எஃகு வளைகுழாய் இறக்கினார்கள், அதுதான் லைனர். அதில் 316, 904 என்று இரண்டு தரம். 904 அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் சாரம் கட்டி ஆள் ஏற்றும் செலவோடு பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதில்லை. விட்டம் பொதுவாக 150 மில்லிமீட்டர், புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கென அங்கீகரித்த சில அடுப்புகளுக்கு 125 போதும். கூரையிலிருந்து ஒருவர் இறக்க, கீழிருந்து இன்னொருவர் கயிற்றை இழுக்க, மாடி மட்டத்து வளைவில் வந்து சிக்கிக்கொண்டது. அவர்கள் முரட்டுத்தனமாக இழுக்கவில்லை; மேலே தூக்கி, லேசாகத் திருப்பி, மறுபடி இறக்கினார்கள். குழாயில் அம்புக்குறி இருக்கும், அது மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாக இறக்கினால் உள்ளடுக்கில் தார் தேங்கும். குழாயைச் சுற்றி வெர்மிகுலைட் என்ற சூடு காக்கும் கனிமத் துகள்களைக் கொட்டினார்கள். குழாய் சூடாக இருந்தால்தான் புகை நன்றாக இழுக்கும், தாரும் குறைவாகப் படியும். உச்சியில் மழை மூடியோடு பறவை வலை.

அடுப்பு நிற்கும் தளம் எரியாத பொருளாக இருக்கவேண்டும். அடுப்பின் அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்று தயாரிப்பாளர் உறுதி சொன்னால் 12 மில்லிமீட்டர் தடிமன் போதும், இல்லையென்றால் கனமான கான்கிரீட் தளம் வேண்டும். கணப்புக் குழிக்குள் இல்லாமல் தனியாக நிற்கும் அடுப்பென்றால், தளத்தின் அளவு 840க்கு 840 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கதவை மூடியே எரிக்கும் அடுப்புக்கு முன்னால் 225 மில்லிமீட்டராவது தளம் நீண்டிருக்கவேண்டும், திறந்து எரிப்பதென்றால் 300. ஒற்றைச் சுவர்க் குழாய் வெளியே தெரிகிற இடத்தில், மரமோ எரியக்கூடிய வேறெதுவோ குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு தள்ளி இருக்கவேண்டும். 150 குழாய் என்றால் 450. மேலே அழகான ஓக் உத்தரம் வைக்க ஆசைப்படுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

அடுப்பின் திறனில் பேராசை வேண்டாம். எங்கள் அறைக்கு 5 கிலோவாட் தாராளம். 5ஐத் தாண்டினால், பழைய வீடுகளில் கூடும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் வீதம் மூடவே முடியாத காற்றுத் துளை சுவரில் வைக்கவேண்டும். குளிர்காற்று வருகிறது என்று அதில் துணி அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள், அறையின் மேற்கூரையில் மாட்டுவதென்றால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி. அடுப்பு இருக்கும் அறைக்குத்தான் விதி. சிம்னி போகும் மாடி அறையிலும் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. கணப்பை மூடியிருக்கும் பலகையை நீங்களே உடைக்காதீர்கள். பழைய பலகைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். இங்கே கல்நாரை முழுமையாகத் தடைசெய்ததே 1999இல்தான்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். வீடு வாங்கும்போது நல்ல தொகை கொடுத்து சர்வே எடுத்தோம். அறிக்கை பக்கம் பக்கமாக வந்தது. சிம்னியா, "பார்வையிட இயலவில்லை, நிபுணரை அணுகவும்". மின்கம்பிகளா, அதே வரி. பரணா, பொருட்கள் இருந்ததால் ஏறவில்லையாம். வீடோ அப்போது காலியாக இருந்தது! முறையிட்டால் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைக் காட்டுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குகிறோம்; ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதற்குத்தானே இவர்களுக்குப் பணம் கொடுக்கிறோம்? நீங்களும் அறிக்கையில் சிம்னி பற்றி ஒன்றும் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

விறகு விஷயம். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். ஈரவிறகின் புகையில் இருக்கும் தார்தான் குழாயில் படிந்து ஒருநாள் சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கிறது. 2 கன மீட்டருக்குக் குறைவான விற்பனையில் ஈரவிறகை இங்கிலாந்தில் 2021 மே 1 முதல் தடைசெய்துவிட்டார்கள், பையில் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்கும். மொத்தமாக வாங்கினால் ஈரமானி வாங்கி, கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்துதான் காட்டும். பெயின்ட் அடித்த மரம், மருந்து ஏற்றிய மரம் உள்ளே போகவே கூடாது.

விறகுப் புகை காற்றை மாசுபடுத்தாதா என்று சிலர் கேட்பார்கள். மாசுபடுத்தும், நான் மறுக்கவில்லை. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டமே வந்தது. அதற்கு முக்கியக் காரணம் நிலக்கரி, ஆனால் விறகின் நுண்துகளும் நுரையீரலுக்குக் கெடுதல்தான். 2022 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் அடுப்புகள் ஈக்கோடிசைன் என்ற, புகைக்கு வரம்பு வைக்கும் தரத்தில் இருக்கவேண்டும். அதில் புகை குறையும், இல்லாமல் போகாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. நெருக்கமான நகரத்தில் நல்ல ஹீட்டிங் இருக்கும்போது அழகுக்காக மட்டும் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் தெரு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியா என்று கவுன்சில் தளத்தில் பாருங்கள். அங்கே சிம்னியிலிருந்து புகை விட்டால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

வேலை முடிந்ததும் ஹீட்டாஸ்காரர் மறுபடி புகைச் சோதனை செய்தார். மகளின் அறையில் சுவரடிப் பலகையோரம் குனிந்து நானே பார்த்தேன், ஒரு இழை புகைகூட இல்லை. லைனர் விவரம் எழுதிய சிறு தகடு ஒன்றை மின்பெட்டிக்கு அருகில் ஒட்டிவிட்டு, சான்றிதழுக்கான பதிவையும் செய்தார். பதிவு பெறாதவர் பொருத்தினால் வேலை தொடங்குமுன் கட்டட விதிகளைச் சரிபார்க்கும் கவுன்சில் பிரிவான பில்டிங் கன்ட்ரோலுக்கு நீங்களே விண்ணப்பிக்கவேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் தாள்களில் அந்தச் சான்றிதழும் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிம்னியைச் சுத்தம் செய்யுங்கள், தினமும் எரித்தால் இருமுறையாவது. சுத்தம் செய்பவர் தரும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். தீ விபத்து என்று போனால் காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கும். இந்த வாரமே சுத்தம் செய்பவரை அழையுங்கள், அடுப்புக்கு ஆர்டர் கொடுப்பது அவர் வந்து பார்த்த பிறகு இருக்கட்டும்.