அழிந்ததா, அழித்ததா? ‘டிஸ்ட்ராய்’ பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், “தி ஹவுஸ் டிஸ்ட்ராய்ட் இன் தி சைக்ளோன்” என்று எழுதினேன். டீச்சர் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: இந்தத் தப்பு நம்மில் பலருக்கும் வரும். நமக்கு ‘அழி’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது: வீடு அழிந்தது, புயல் வீட்டை அழித்தது. டிஸ்ட்ராய்க்கு ‘அழித்தது’ மட்டும்தான் தெரியும். அதனால் உங்கள் வாக்கியத்தில் வீடே எதையோ அழித்ததாக ஆகிவிடுகிறது. “தி சைக்ளோன் டிஸ்ட்ராய்ட் தி ஹவுஸ்” என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘வாஸ்’ சேருங்கள்: “தனுஷ்கோடி வாஸ் டிஸ்ட்ராய்ட் இன் 1964.” குழப்பத்துக்கு ‘பிரேக்’ போன்ற சொற்களும் காரணம். “தி கிளாஸ் ப்ரோக்” என்றால் கண்ணாடி உடைந்தது, அது சரி. டிஸ்ட்ராய் அப்படி வளையாது. மனதில் ‘அழிந்தது’ என்று தோன்றினால், ‘வாஸ்’ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: டேமேஜ், டிஸ்ட்ராய் இரண்டும் ஒன்றுதானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. டேமேஜ் ஆனதைச் சரிசெய்யலாம். டிஸ்ட்ராய் ஆனது போனதுதான். 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தார்கள். கட்டடத்தைப் பிறகு சீரமைக்க முடிந்தது. ஆனால் உள்ளே இருந்த சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும்? அவற்றுக்கு டிஸ்ட்ராய்ட் என்பதுதான் சொல். அந்த இடத்தில் டேமேஜ்ட் என்று எழுதினால் இழப்பையே குறைத்துச் சொன்னதாகிவிடும். இதில் கவனமாக இருங்கள்.

கேள்வி: “கம்ப்ளீட்லி டிஸ்ட்ராய்ட்” என்று எழுதலாமா?

பதில்: பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள். எழுத்தில் தேவையில்லை, ‘முழுக்க’ என்பது டிஸ்ட்ராய்க்குள்ளேயே இருக்கிறது. பாதி இடிந்த வீட்டுக்கு “பேட்லி டேமேஜ்ட்” போதும்.

கேள்வி: கரும்பலகையை அழிப்பதற்கும் இதே சொல்தானா?

பதில்: அதற்கு இரேஸ். போனில் படத்தை அழிப்பது டெலீட். தமிழில் ஒரே ‘அழி’தான், ஆங்கிலத்தில் தனித்தனி.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: லத்தீனில் ‘ஸ்ட்ருயெரே’ என்றால் அடுக்குதல், கட்டுதல். முன்னால் ‘டி’ சேர்ந்தால் கட்டியதைக் கலைத்தல். ஸ்ட்ரக்சர், கன்ஸ்ட்ரக்‌ஷன் எல்லாம் அதே வேர். டிஸ்ட்ரக்‌ஷன் என்ற பெயர்ச்சொல்லில் அந்த வேர் இன்னும் நன்றாகத் தெரியும்.

கேள்வி: காலொடிந்த பந்தயக் குதிரை பற்றிய செய்தியில் “ஹேட் டு பி டிஸ்ட்ராய்ட்” என்று இருந்தது. குதிரையை அடித்தே கொன்றுவிட்டார்களா?

பதில்: இல்லைம்மா. பிழைக்க வழியில்லாத விலங்கை, வேதனை தீரட்டும் என்று கால்நடை மருத்துவர் உயிர் நீக்குவதையும் அப்படி எழுதுவார்கள். தமிழில் ‘கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று’ என்று எழுதுங்கள்.