பூட்டு இருக்கட்டும், பெயர் யார் கையில்?

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறோம். தெரிந்த தம்பி ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன் கடைக்கு இணையதளம் போட்டுக் கொடுத்தார். இப்போது அதைத் திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறது. சரிசெய்ய வருடத்துக்கு 5,000 ரூபாய் கேட்கிறார்கள். டாட் காமை விட்டுவிட்டு டாட் இன்னுக்கு மாறினால் இது போய்விடுமா?

பதில்: போகாது. டாட் காம், டாட் இன் எல்லாம் கடையின் முகவரி. உங்கள் சிக்கல் அந்த முகவரிக்குத் தகவல் போய்வரும் முறையில் இருக்கிறது. தளம் இன்னும் எச்டிடிபி (http) என்ற பூட்டில்லாத முறையில் ஓடுகிறது. வாடிக்கையாளர் தட்டும் பெயரும் கைபேசி எண்ணும் மறைக்கப்படாமல் போகும். பொது வைஃபையில் யாராவது வழிமறித்துப் படிக்கலாம். எச்டிடிபிஎஸ் (https) என்ற பூட்டுள்ள முறை அதையே புரியாத எழுத்தாக்கி அனுப்புகிறது. 2018 ஜூலையில் வந்த குரோம் உலாவியின் 68-ஆம் பதிப்பு முதல், எச்டிடிபி தளம் எதுவானாலும் இந்த எச்சரிக்கை உண்டு.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. வழக்கமாக 90 நாள்தான் செல்லும் என்பதால், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும். தளத்தை வைத்திருக்க இடம் தரும் பல ஹோஸ்டிங் நிறுவனங்களில் இது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. அப்புறம் பழைய எச்டிடிபி முகவரிக்கு வருகிறவர்களை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். பலர் மறப்பது இதைத்தான். வேலைக்குக் கூலி கேட்டால் கொடுங்கள், நியாயம். சான்றிதழுக்கென்று 5,000 ரூபாய் உங்கள் கடைக்குத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. டொமைன், அதாவது அந்த முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு கடையில், தளம் செய்தவர் தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். ‘புதுப்பியுங்கள்’ என்ற கடிதங்கள் எல்லாம் அவர் திறக்காத பெட்டியில் கிடந்தன. ஒருநாள் தளம் நின்றது. டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டு. தவணை தவறிய டாட் காம் பெயரைப் பதிந்து தந்த நிறுவனம் நீக்கிவிட்டால், மீட்க 30 நாள் தருவார்கள், அதுவும் கூடுதல் கட்டணத்தோடு. அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே தம்பியிடம் சண்டையில்லாமல் கேளுங்கள்: எந்த நிறுவனத்தில் பதிந்தார், கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, ஓடிபி யாருக்குப் போகிறது? உங்கள் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். பதிந்த நிறுவனத்தையே மாற்றுவதானால், டொமைனை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக உதவும் மாற்றுக் குறியீட்டை அவரிடம் வாங்க வேண்டும்.

டாட் இன் முகவரியும் நல்லதுதான், நிக்சி என்ற இந்திய அமைப்பு நிர்வகிப்பது. ஆனால் மூன்று வருடமாகப் பையிலும் பில்லிலும் அச்சடித்த பெயரை எதற்கு விடுவது? கையில் கொஞ்சம் காசு இருந்தால் வேறொன்று செய்யலாம். சுங்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், ‘எஸ்’ போட்டும் ‘சிஎச்’ போட்டும். கடைப் பெயரில் அந்தச் சொல் இருந்தால் இன்னொரு எழுத்துக்கூட்டலையும் பதிந்து இப்போதைய தளத்துக்கே திருப்பிவிடுங்கள். டாட் இன் அதற்கு அப்புறம்.