மெக்கானிக் ஷெட்டில் மாட்டிக்கொண்ட குட்டி யானை: சாவி இருந்தால் எடுத்து வரலாமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். 2010 மாடல் டாடா ஏஸ் (குட்டி யானை) வண்டி ஒன்றை வைத்து கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன், கூட ஒரு பையன். புகை அதிகமாகி இழுவை குறைந்ததால் இன்ஜின் வேலைக்கு விட்டேன். 32,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், 10,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இப்போது இன்ஜின் பிளாக் (இன்ஜினின் முக்கிய உடல் பகுதி) விரிசல் விட்டிருந்தது, வேறு பிளாக் போட்டுவிட்டேன் என்று மொத்தம் 71,500 கேட்கிறார். என் தம்பி வண்டியின் பழைய பாக்கி 6,000, ஷெட்டில் நிற்க நாளுக்கு 200 என்று மேலும் ஏற்றுகிறார். கொடுக்காவிட்டால் காயலான் கடையில் போட்டுவிடுவாராம். ஆர்.சி. பழைய ஓனர் பெயரில் இருப்பதால் "வண்டியே உன்னுது இல்ல" என்கிறார். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) அடுத்த மாதம் முடிகிறது. ஸ்பேர் சாவி என்னிடம் இருக்கிறது, ராத்திரி போய் எடுத்து வந்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். சொந்த வண்டியைத் திருடியதாகக் கேஸ் வருமா என்று சிரிப்பீர்கள், வரும். திருட்டு என்றால் என்ன என்று சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 303-ம் பிரிவில், 1860-ன் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்தே வரும் ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவர் தன் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கிறார், ரிப்பேர் கூலி பாக்கி, கடைக்காரர் அந்தப் பாக்கிக்காகக் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார், சொந்தக்காரர் அவருக்கு அந்தப் பிடி இல்லாமல் போகட்டும் என்று எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு. உங்களுக்கும் பாக்கி இருக்கிறது, அதனால் சாவியை வீட்டிலேயே வையுங்கள்.

அந்தப் பிடி எதுவரை செல்லும் என்பதுதான் இங்கே விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170: ஒரு பொருளை எந்த வேலைக்காகக் கொடுத்தீர்களோ அந்த வேலையை உழைப்போ திறமையோ போட்டுச் செய்தவர், அதற்குரிய கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு மட்டும். தம்பி வண்டியின் 6,000-ஐ இதில் சேர்க்க முடியாது. எல்லாப் பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் உரிமை 171-ம் பிரிவில் வங்கி மாதிரி சிலருக்குத்தான் உண்டு, மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை. (உயர் நீதிமன்ற வக்கீல்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் வக்கீல்களான எங்களையே ஃபீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லிவிட்டது.) நாளுக்கு 200 என்பதும் நிற்காது, அவர் தன் பாக்கிக்காக நிறுத்தி வைத்திருக்கிறார், அதற்கு நீங்கள் ஏன் வாடகை தர வேண்டும்? விற்கும் உரிமையோ அறவே இல்லை. காயலான் கடையில் போட்டால் அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 316-ம் பிரிவு, அன்றைக்கு நேராக ஸ்டேஷனுக்குப் போகலாம்.

இப்போது பிளாக். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது பணமே இல்லை, இதுதான். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் அடித்திருக்கும், அதே நம்பர்தான் ஆர்.சி.யிலும் இருக்கும். வேறு பிளாக் போட்டால் நம்பர் மாறிவிடும். எஃப்.சி.க்குப் போகும்போது இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். இன்ஜின் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும், அதற்குப் பில் கேட்பார்கள். அந்த பிளாக் எந்த வண்டியிலிருந்து வந்தது? பழைய பார்ட்ஸ் கடையில் எடுத்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, ஏனென்றால் அது திருட்டு வண்டியின் பிளாக்காக இருந்தால் போலீஸ் முதலில் கேட்பது மெக்கானிக்கை இல்லை, வண்டி ஓட்டும் உங்களை. எனவே பகலில், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், சண்டை போடாமல், இன்ஜின் நம்பரை போட்டோ எடுங்கள். விரிசல் விட்ட பழைய பிளாக்கையும் கேளுங்கள், அது உங்கள் பொருள். அதைக் காட்ட முடியாவிட்டால் பிளாக்கை மாற்றினார் என்பதையே நான் சந்தேகப்படுவேன், நம்பர் மாறாமல் இருந்தால் மாற்றவில்லை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பாருங்கள். நடுவில் அவர் போன் செய்து பிளாக் போயிருக்கிறது என்று சொன்னபோது "சரி, பண்ணுங்க" என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால் அந்த வேலைக்கு நியாயமான விலையை நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும். சொல்லவில்லை என்றால் ஒப்புக்கொண்டதில் மீதி 22,000 மட்டும்தான் பாக்கி. அதை நெட்டில் அனுப்புங்கள், "எஸ்டிமேட் மீதி" என்று குறிப்பு போட்டு. கூடவே ஸ்பீட் போஸ்டில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு நோட்டீஸ்: பாக்கி கொடுத்தாயிற்று, 7 நாளில் வண்டியை விடவும், பழைய பிளாக்கும் புது பிளாக்கின் பில்லும் தரவும், எஃப்.சி. காலாவதியானால் அந்த நஷ்டமும் உங்கள் தலையில்தான். பல ஷெட் தகராறுகள் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே பேச்சுக்கு வந்துவிடும்.

அப்படியும் விடவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் வண்டியை விடச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேட்கலாம். மெக்கானிக் தரப்பு வக்கீல் முதல் வரியிலேயே "இது வியாபார வண்டி, இவர் நுகர்வோர் இல்லை" என்பார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று விளக்கியிருக்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள், கூட ஒரு பையன்தான் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப் எஸ்டிமேட் இருக்கும் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள்.

ஆனால் தினக் கூலியாக ஓடும் வண்டிக்கு ஆணையத்தின் வேகம் போதுமா என்றால், என் அபிப்பிராயம் வேறு. நம்பர் சரியாக இருந்து, அவர் 40,000 பக்கம் இறங்கி வந்தால், "ஆட்சேபத்துடன் கொடுக்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டுப் பணத்தைப் போட்டு வண்டியை எடுங்கள், வித்தியாசத்துக்கு அப்புறம் வழக்குப் போடலாம். லோடு போகும் வருமானத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

"வண்டியே உன்னுது இல்ல" என்பதற்குப் பயப்பட வேண்டாம். வண்டியை விட்டவர் நீங்கள், வேலை சொன்னவர் நீங்கள், திருப்பித் தர வேண்டியதும் உங்களிடம்தான். ஆனால் ஆர்.சி.யை இப்படியே விட்டது தப்பு. வாங்கி 30 நாளில் மாற்றியிருக்க வேண்டும். நாளைக்கு ஒரு விபத்து என்றால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், இழப்பீட்டு நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும், அவர் உங்களைத் தேடி வருவார். உங்கள் வண்டிக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும், பாலிசியும் அவர் பெயரில்தானே. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடத்துக்கு ஒரு முறை, அது இல்லாவிட்டால் பதிவே செல்லாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 56-ம் பிரிவு சொல்கிறது. பழைய ஓனர் இன்னும் போன் எடுக்கிறார் என்றால் இந்த வாரமே போய் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.