புயல் நிவாரணம்: படகு, குடிசை, ஆடு, வயல் - கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (பாம்பன்): நாட்டுப்படகு பாறையில் மோதி உடைந்துவிட்டது ஐயா. யாரிடம் மனு கொடுப்பது?

மீன்வளத்துறையிடம். படகும் வலையும் அவர்கள் கணக்கெடுப்பில்தான் வரும். பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல், படங்கள் வேண்டும். படத்தில் படகின் பதிவெண் தெரிய வேண்டும். எண் எழுதியிருந்த பலகை பிய்ந்து போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, படகோடு சேர்த்து வைத்து எடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, முழுச் சேதமான வல்லம் வகைப் படகுக்கு 75,000 ரூபாயாக இருந்ததை 1 லட்சமாகவும், வலைக்கு 10,000 என்பதை 15,000 ஆகவும் தமிழக அரசு உயர்த்தியது. ஆனால் எந்தப் புயலுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த அரசாணைதான் சொல்லும். வரப்போகும் தொகையை நம்பி வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி (மண்டபம்): எஞ்சின் கடல்தண்ணீரில் மூழ்கிவிட்டது. அதிகாரி பார்க்கும்வரை தொடக்கூடாது என்கிறார்கள். சரியா?

தப்பு. மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் துரு வேகமெடுக்கும். ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பழைய ஆயிலை இறக்கிவிட்டு, அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, நீங்க சொல்றபடி கழுவி வச்சா, எஞ்சின் நல்லாத்தானே இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. எங்க ஊர்ல நடந்திருக்கு. பத்து நாள் கழிச்சு வர்றவருக்கு எதைக் காட்டுறது?

உங்கள் பயம் நியாயம்தான். ஆனாலும் எஞ்சினைச் சாகவிட்டு நிவாரணம் வாங்குவதில் என்ன லாபம்? பெரிய சேதத்துக்கே மேலே சொன்ன தொகைதான். எஞ்சின் போனால் அடுத்த பருவம் முழுக்கக் கடலுக்குப் போக முடியாது. ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூழ்கிய நிலையில் ஒரு படம், எஞ்சின் எண் தெரிய இன்னொன்று, ஆயில் இறக்கும்போது பால் மாதிரி வெளுத்து வருவதை வீடியோ. மீனவர் சங்கத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம். அன்றைக்கே மனு கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வருகிற அதிகாரிக்கு உங்கள் வாய்வார்த்தையைவிட அந்தத் தேதி பெரிய சாட்சி.

கேள்வி (மண்டபம், மறுபடியும்): மெக்கானிக் பில் தர மாட்டேங்கிறாரே?

வெள்ளைத்தாளில் எஞ்சின் எண், என்ன வேலை, எவ்வளவு பணம், தேதி, அவர் கையெழுத்து. மனுவோடு இணைக்க அது உதவும்.

கேள்வி (தேவிபட்டினம்): குடிசை சரிந்துவிட்டது. மண்ணை அள்ளி ஒதுக்கலாமா?

படம் எடுத்துவிட்டு ஒதுக்குங்கள். வி.ஏ.ஓ.வுக்குத் தகவல் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மின் ரசீது, எது இருக்கிறதோ எடுத்து வையுங்கள். மிக்ஜாமின்போது குடிசைக்கு 8,000 ரூபாய் அறிவித்தார்கள். பட்டா இல்லாத புறம்போக்கு வீடு என்றால் அங்கே குடியிருந்ததற்கான இந்த ரசீதுகளுக்கு மதிப்பு இன்னும் அதிகம். கூரை போட்ட கையோடு அவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள் அம்மா.

கேள்வி (திருப்பாலைக்குடி): ஆடு செத்துப்போச்சு, புதைத்துவிட்டோம்.

கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். புதைத்துவிட்டால் சிரமம். படம் இருந்தால் அதோடு உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மற்றவர்கள் கவனிக்கவும்: புதைக்கும் முன் சொல்லுங்கள்.

கேள்வி (ஆர்.எஸ்.மங்கலம்): நெல் சாய்ந்துவிட்டது. இன்சூரன்ஸும் நிவாரணமும் ஒன்றா?

இரண்டும் வேறு. நிவாரணத்துக்கு வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும். 33 சதவீதத்துக்குக் குறையாமல் சேதம் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டியவர்களுக்கு மட்டும். அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் புயல்மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். ஒன்றுக்கு மனு கொடுத்ததால் இன்னொன்றும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (கீழக்கரை): படம் எடுக்காமல் சுத்தம் செய்துவிட்டோம். என்ன செய்யலாம்?

அக்கம்பக்கத்தார் எடுத்த படத்தில் உங்கள் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியாமல் இருந்தால் அதையாவது இப்போதே எடுங்கள்.

கேள்வி (தொண்டி): பணம் எப்போது வரும்?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். அரசாணை வந்து பட்டியல் தயாராகி வங்கிக் கணக்குக்குப் போகும். தேதி என் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது கணக்கு எண்ணைச் சரிபார்ப்பதும், அந்தக் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று வங்கியில் கேட்பதும். பட்டியலில் பெயர் சேர்க்க யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி (ஏர்வாடி): பணம் எப்போது...

மேலே தொண்டிக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (வாலிநோக்கம்): உப்பளத்தில் தண்ணீர் நிற்கிறது. கூலி போச்சு.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று தனித் திட்டம் இருக்கிறது. புயல் மனுவோடு அதைக் குழப்பாமல், நலவாரிய அட்டையோடு தொழிலாளர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.