வாசகர் கேள்வி–பதில்: பழைய படிப்பகத்தில் எதை முதலில் காப்பது?

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஏறத்தாழ 4,000 நூல்களும், பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுதிகளும், சில ஓலைச்சுவடிக் கட்டுகளும் உள்ளன. பல நூல்கள் தொட்டாலே உதிர்கின்றன. பராமரிப்புக்கென அன்பர் ஒருவர் ஒரு தொகை தந்திருக்கிறார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்கின்றனர் சிலர். நைந்த தாள்களை லேமினேஷன் செய்யச் சொல்கின்றனர் வேறு சிலர். மருந்தடித்தாலே போதும் என்பாரும் உண்டு. எதை முதலில் செய்வது?
– வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். லேமினேஷனை எப்போதுமே செய்ய வேண்டாம். சூடேற்றி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குக் கேடின்றிப் பிரித்தெடுக்க முடியாது, தாளிலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டு அரித்துக்கொண்டிருக்கும். தங்களிடம் என்ன இருக்கிறது, அது எதனால் கெடுகிறது, அதில் எது வேறெங்கும் கிடைக்காது என்ற கணக்கெடுப்பு முடியும்வரை அந்தத் தொகையில் கை வைக்காதிருப்பதே நல்லது.

கணக்கெடுப்பை நூலிலிருந்து அல்ல, கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளம் எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் எந்த அடுக்கின்மேல் விழுகிறது என்பவற்றை ஒரு தாளில் வரைந்து குறியுங்கள். அலமாரியைச் சற்றே முன்னுக்கு இழுத்து, பின்பலகையில் கரையானின் மண்தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கில் மாவுபோல் தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள். தாளின் மேற்பரப்பு சுரண்டினாற்போல் இருந்தால் பெரும்பாலும் அது இராமபாணப் பூச்சியின் வேலை. ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் காலையும் மாலையும் அளவைக் குறித்து வாருங்கள். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். சித்திரையில் மட்டும் அளந்துவிட்டு அறை உலர்ந்தே இருக்கிறது என்று முடிவு கட்டுவது, கோடை வைகையைப் பார்த்துவிட்டு அதில் வெள்ளமே வராது என்பதற்கு ஒப்பாகும். ஆதலால் ஓராண்டுக் குறிப்பு வேண்டும். ஒழுகும் தளத்தைச் செப்பனிட மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது நூல்கள். 4,000 நூல்களையும் புரட்ட வேண்டா. ஏறத்தாழ 350 நூல்களைப் பாரபட்சமின்றித் தேர்ந்து பார்த்தால், 95 விழுக்காடு நம்பகத்தோடு, 5 விழுக்காடு கூடுதல் குறைவில் முழுத் தொகுப்பின் நிலை தெரிந்துவிடும். முதல் பதினொன்றில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து பதினொன்றுக்கு ஒன்றாக அடுக்கு வரிசையிலேயே எடுத்துச் செல்லலாம். கைக்கு நல்லதாகத் தோன்றும் நூலை எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொன்றிலும் தையல் விட்டிருக்கிறதா, ஸ்டேப்பிள் கம்பி துருவேறியிருக்கிறதா, செல்லோடேப் ஒட்டிய இடம் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். வெற்றுத்தாள் ஒன்றின் கீழ்மூலையை முன்னும் பின்னுமாக மெல்ல மடியுங்கள்; ஓரிரு மடிப்பிலேயே முறிந்தால் அந்நூலை இனி வாசகர் கையில் கொடுப்பதே அதற்கு ஆபத்து. அரிய நூலில் இச்சோதனையைச் செய்யாதீர்கள். வயதை மட்டும் வைத்து நிலையைக் கணிக்கவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழில் படிகாரம் சேர்த்துச் செய்த தாள் பரவியது. அது அமிலத்தன்மையால் தானே நொறுங்கும். அதனால் இரண்டாம் உலகப்போர்க் காலத் தாள் தட்டுப்பாட்டில் அச்சான நூலைவிட, அதற்கு மிக முந்தைய, கந்தல் துணியிலிருந்து செய்த தாளில் அச்சான நூல் திடமாக இருப்பதுண்டு.

ஓலைச்சுவடிகளைப் பொறுத்தவரை, ஏட்டுக்குப் புல்தைலம் பூசுவது நம் மரபுதான் என்றாலும், பூஞ்சணம் பிடித்த ஏட்டிலும், வண்ணம் தீட்டிய ஏட்டிலும் துறை தெரிந்தவர் பார்க்காமல் பூசலாகாது.

முன்னுரிமையைச் சேதத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஒருமுறை தேடிப் பார்த்தால், தங்களிடம் நொறுங்கிக் கிடக்கும் நாவல்களில் பல ஏற்கெனவே காக்கப்பட்டிருப்பது தெரியவரலாம். ஊர்த் திருவிழா நோட்டீஸ், படிப்பகத்தின் பழைய வரவு செலவுப் பேரேடு, மதுரைப் புதுமண்டபத்துக் கடைகளில் ஒருகாலத்தில் விற்ற கதைப்பாடல் சிறுநூல்கள் ஆகியவற்றுக்கு வேறு படி இல்லாமலே போகலாம். ஸ்கேன் செய்வதானால் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக் காட்சியறையிலுள்ள பழைய வெண்கல விளக்கிலிருந்து வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஆசிரியை ஒருவர், மேலூர்

பதில்: தேய்க்காதீர்கள், அம்மா. கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்த களிம்பு உலோகத்துக்குக் காப்பு. தூளாக உதிரும் வெளிர்பச்சையோ, குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். உதிர்ந்ததை மென்தூரிகையால் துடைத்துப் படமெடுத்து, விளக்கை வெள்ளைத்தாளின்மேல் தனியே வையுங்கள். சில வாரங்களில் தாளில் புதிதாகத் தூள் விழுந்திருந்தால் அரிப்பு இன்னும் நடப்பிலிருக்கிறது. அப்போது காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இருந்துவரும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அப்படங்களுடன் எழுதிக் கேளுங்கள்.