வேனை வீடாக்கும் முன்: வாங்குவோர் கேள்வி-பதில்

வேனுக்குள் படுக்கை, அடுப்பு, சோலார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கடலோரமாகச் சுற்றப் போவதாக ஒரு வாசகர் எழுதியதைப் போன முறை வெளியிட்டோம். அதிலிருந்து தொண்டி தொடங்கி சாயல்குடி வரைக்கும் இதே விஷயமாகத்தான் கடிதங்கள். இந்த முறை முழுக்க அவற்றுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மீன் ஏற்றிக்கொண்டிருந்த வேன் ஒன்று ரொம்ப மலிவாக வருகிறது. உள்ளே கழுவி, பெயின்ட் அடித்து, அடியில் கறுப்புக் கோட்டிங்கும் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா? (தங்கச்சிமடம்)

வேண்டாம். ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் தரைத் தகட்டின் மடிப்புகளிலும் சேஸிஸ் இடுக்குகளிலும் இறங்கியிருக்கும். புதுக் கறுப்புக் கோட்டிங் அதை மறைக்கத்தான். மனது கேட்கவில்லை என்றால் உங்கள் டிங்கரிங் ஆளைக் கூட்டிப்போய், வண்டியைத் தூக்கிவைத்துச் சின்ன சுத்தியலால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டால் அங்கே துரு ஓட்டையை அடைத்த பட்டிதான் இருக்கிறது. தட்ட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்றரை டன் ஏ.சி. ராத்திரி முழுக்க வேன் சோலாரில் ஓடுமா? (உச்சிப்புளி)

ஓடாது. ஃபேன் வாங்குங்கள்.

540 வாட் பேனல், பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், இன்வர்ட்டர் எல்லாம் ஒரே கடையில் செட்டாக வாங்கினோம். மாட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். உச்சி வெயிலிலும் 170 வாட்டுக்கு மேல் ஏறவில்லை. கேட்டால், 'உப்புக் காத்து படியுதும்மா, பேனலைத் துடைச்சு விடுங்க' என்கிறார்கள். தினமும் ஏறித் துடைக்கிறோம். என் வீட்டுக்காரர் துபாயில் சம்பாதித்து அனுப்பிய காசு. (கீழக்கரை)

அம்மா, நீங்கள் துடைத்ததில் ஒரு குறையும் இல்லை. இனி கூரை மேல் ஏற வேண்டாம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரைத் தப்பானதாக உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

அனுப்பிய படத்தில் கன்ட்ரோலர் மேல் பி.டபிள்யூ.எம். என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் பேனல் 41 வோல்ட் அளவில் 13 ஆம்பியர் கொடுக்கிற பேனல். இரண்டையும் பெருக்கினால்தான் 540 வாட்டுக்குப் பக்கத்தில் வரும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரோ பேனலை நேராகப் பேட்டரியோடு கோர்த்துவிடும். பேட்டரி 13 வோல்ட்டில் நின்றால் பேனலும் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 13-ஐ 13-ஆல் பெருக்குங்கள்: 169. நீங்கள் பார்த்த 170 அதுதான். மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் உங்கள் கைக்கே வருவதில்லை. இந்தப் பேனலுக்கு எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும், 100 வோல்ட் வரை தாங்குவதாக, 40 ஆம்பியர் கொடுப்பதாக. அது அதிக வோல்ட்டைக் குறைத்து ஆம்பியராக மாற்றித் தரும். வெயில் நேரத்தில் பேனல் சூடேறுவதால் முழு 540 வராது, 400-ஐத் தாண்டி வந்தால் சரியாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சோலார் விற்கிற யாருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கன்ட்ரோலரில் சில ஆயிரம் மிச்சம் பிடித்துவிட்டு உங்களைத் துடைக்கச் சொன்னது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். மதியம் 12 மணிக்கு கன்ட்ரோலர் காட்டும் அளவையும், பேனலின் பின்பக்க ஸ்டிக்கரையும் ஒரே வீடியோவில் எடுத்து வையுங்கள். கன்ட்ரோலரை மாற்றித் தரும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 15 நாள் அவகாசம் போதும். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை மதுரையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்களிடம் பில் இருக்கிறது, பில்லில் '540 வாட் சோலார் செட்' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். விடாதீர்கள்.

என் சரக்கு வேனை வீட்டு வண்டியாக மாற்றக் கொடுத்திருக்கிறேன். 3 லட்சம் கையில் கொடுத்தாகிவிட்டது. பட்டறைக்காரர் தெரிந்த பையன் என்பதால் எழுத்து எதுவும் போடவில்லை. பாதி வேலையில் நிற்கிறது. இப்போது ஒருவர் ஆர்.டி.ஓ. பிரச்சினை வரும் என்கிறார். உண்மையா? (பரமக்குடி)

உண்மை. 3 லட்சம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. சரக்கு வண்டியாகப் பதிவான வேனில் கட்டில் போட்டு ஆட்கள் படுத்துப் பயணம் செய்தால் அது வகையே மாறிய வண்டி. சோதனையில் பிடித்தால் அபராதத்தோடு போகும். விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த மாற்றத்தைக் காட்டியே கை விரித்துவிடும். அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் 3 லட்சம் ஒன்றுமே இல்லை.

வேலையை இன்றே நிறுத்துங்கள். இராமநாதபுரத்திலோ உங்கள் எல்லைக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ வண்டியின் படம், வரைபடத்தோடு போய், எதற்கு அனுமதி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தரையில் வெல்டிங் செய்யாமல், கூரையை வெட்டாமல், கழற்றி வைக்கிற கட்டில், பெட்டி என்று வைத்திருந்தால் சிக்கல் குறைவு. கூரையை உயர்த்துவது, புது ஜன்னல் வெட்டுவது, சீட் எண்ணிக்கையை மாற்றுவது, இதெல்லாம் அனுமதி இல்லாமல் தொடவே கூடாத வேலைகள்.

தெரிந்த பையன் என்பதால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவனோடு பேச்சுவார்த்தை நிற்காமல் இருக்க அதுதான் வழி. என்ன வேலை, என்ன பொருள், எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மீதிப் பணம் வங்கி வழியாக மட்டும்.

இப்படி வீடாக மாற்றிய வண்டியை ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமா, அண்ணே? (ஏர்வாடி)

சொந்தப் பதிவு வண்டி என்றால் கூடாது. அதற்கு வாடகைப் பதிவும் பர்மிட்டும் வேண்டும். இன்னொன்று: தொழிலுக்காக வாங்கிய பொருளில் ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பொதுவாகக் கிடையாது, சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவருக்கு மட்டும் சட்டம் விலக்குக் கொடுக்கிறது.

இரண்டு பேர் இரண்டு நாள் தங்க எவ்வளவு பெரிய தொட்டி? பழைய நீல டிரம் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்.ஓ. மெஷினும் வைக்கலாமா? (மண்டபம்)

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் வைத்தால் மொத்தம் 60. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தொட்டியைத் தரையோடு தாழ்வாக, பின் அச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். பழைய டிரம்மில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. உணவுத் தர முத்திரை உள்ள புதுத் தொட்டிதான் வாங்க வேண்டும். குடிக்க 20 லிட்டர் கேன் தனி, கை கால் கழுவத் தொட்டி தனி.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் நிறைய போர் தண்ணீர் உப்பு. அதைத் தொட்டியில் பிடித்தால் பம்ப், குழாய் எல்லாம் அரித்துப்போகும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். இந்தியத் தர அளவுப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை. ஆனால் அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, மறந்துவிட வேண்டாம். ஆர்.ஓ. வேண்டாம், உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே தள்ளிவிடும். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் கடற்கரையில் திறந்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, பவளப்பாறை உள்ள கடல் அது.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டி, கீல், ஸ்க்ரூ எல்லாம் '304 தரம், துருவே பிடிக்காது' என்று சொல்லிக் கொடுத்தார்கள். காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை. 4 மாதத்தில் பழுப்புப் புள்ளி. 'பில் போட்டா வரி ஆகும்' என்றதால் பில் வாங்கவில்லை. (தொண்டி)

இந்தக் காந்த வித்தையை ஒழிக்காமல் நான் ஓயப்போவதில்லை. ஊர் ஊராக இதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள்.

304 ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல்தான் விலை. அதைப் பாதியாகக் குறைத்து மாங்கனீசு சேர்த்துச் செய்வது 202. பளபளப்பு அதே, எடை அதே, காந்தமும் அதேபோல் ஒட்டாது. அப்படியிருக்க, காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று எப்படி முடிவு கட்டுவது? கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் ஒரு சமையலறையில் 202 பல வருடம் தாங்கலாம். உப்புக் காற்றில் சில மாதத்திலேயே பழுத்துவிடும். என் வீட்டுச் சமையலறைக் கதவுகளுக்கு இப்படித்தான் கீல் வாங்கினேன்; அடுத்த மழைக்காலத்துக்குள் ஸ்க்ரூ தலைகள் உதிர்ந்தன.

சரியான 304-கூடக் கடலோரத்தில் பழுப்பேறும். வெளியே, ஈரக் காற்று படுகிற இடத்துக்கு 316 வேண்டும். அதில் மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும், உப்பின் அரிப்பைத் தடுப்பது அதுதான். விலை கூடும். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் பேனலைக் கூரையோடு பிடிக்கிற போல்ட்டுகளுக்கு மட்டுமாவது 316 போடுங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து 25 கிலோ பேனல் பறந்து பின்னால் வருகிறவர் மேல் விழக் கூடாது.

தரத்தைச் சோதிக்க ஸ்டீலில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற திரவம் விற்கிறார்கள். 202 போன்ற 200 வரிசை என்றால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. 'பில்லில் 304 என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். 202 விற்கிறவர் எழுதத் தயங்குவார்.

இப்போது பில். பில் கொடுக்காததே 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். திரும்பக் கொடுக்கும் காலத்தைப் பில்லில் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. 'வரி மிச்சம்' என்று சொல்கிறவர் உங்களுக்கு மிச்சப்படுத்தவில்லை. நீங்கள் திரும்பி வரும்போது 'இது எங்க கடைப் பொருளே இல்லை' என்று சொல்ல வழி பண்ணிக்கொள்கிறார். உங்கள் விஷயத்தில் 30 நாள் போய்விட்டது. ஆனால் ஜி.பே.யில் பணம் அனுப்பியதாகவும், '304 தான்' என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியதாகவும் சொல்கிறீர்கள். இரண்டும் ஆதாரம். அழிக்காமல் வைத்து, ஒரு ஸ்க்ரூவைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அறிக்கை வாங்கிக்கொண்டு புகார் கொடுங்கள்.

அரிச்சல்முனையில் வண்டியைப் போட்டு ராத்தங்கலாமா? (இராமநாதபுரம்)

முடியாது. மாலையானால் போலீஸ் எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிவிடும்.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை வேனுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்தால் என்ன? (சாயல்குடி)

செத்துப்போவீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம்.

150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியா, 100 ஏ.ஹெச். லித்தியமா? லித்தியம் இரட்டிப்பு விலை சொல்கிறார்கள். (தேவிபட்டினம்)

படுக்கைக்குப் பக்கத்தில்தான் வைக்க இடம் என்று எழுதியிருப்பதால் லித்தியம், அதிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். டியூபுலர் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், தூங்குகிற அறைக்குள் அது கூடாது. எடை 50 கிலோவுக்கு மேல். லித்தியம் 12 கிலோ அளவில்தான் வரும். டியூபுலரில் 1800 வாட்-மணி இருந்தாலும் பாதிதான் எடுக்கலாம், மீறினால் ஆயுள் போகும். 100 ஏ.ஹெச். லித்தியத்தின் 1280 வாட்-மணியில் ஆயிரத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். இரண்டு ஃபேன், விளக்கு, போன், சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு உங்களுக்கு ஆயிரம் வாட்-மணி போதும்.

பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய செல்லைப் புது உறையில் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வாங்கும் முன் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, 100 வாட் எடுக்கிற 12 வோல்ட் விளக்குகளைக் கடையிலேயே மாட்டச் சொல்லுங்கள். 12 மணி நேரத்தை ஒட்டி எரிய வேண்டும். காலையில் மாட்டிவிட்டு ராத்திரி போய்ப் பாருங்கள். 7 மணி நேரத்தில் அணைந்திருந்தால் பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எரிந்தால், சீரியல் நம்பரைப் பில்லிலும் வாரண்டி கார்டிலும் எழுதி, கடை முத்திரை வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.