ஸ்காட்லாந்து பிரிந்தால் என் பவுண்டு என்ன ஆகும்?

கேள்வி: கிளாஸ்கோவில் ஒன்பது வருடமாக அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கேயே ஃபிளாட் வாங்கி, லண்டனில் தலைமையகம் உள்ள ஒரு வங்கிக்கு மாதம் 900 பவுண்டு தவணை கட்டுகிறேன். சேமிப்பு 40,000 பவுண்டு. ஸ்காட்லாந்து தனி நாடானால் பவுண்டு செல்லாமல் போய்விடும், மொத்தத்தையும் இப்போதே ஊரில் என்.ஆர்.இ. டெபாசிட்டில் (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் ரூபாயில் வைக்கும் டெபாசிட்) போடு என்கிறார் சித்தப்பா. போடலாமா?

பதில்: வேண்டாம். சித்தப்பா உங்கள் சேமிப்பை நினைத்துப் பயப்படுகிறார். எனக்குக் கவலை உங்கள் கடன்தான்.

முதலில், இது நாளைக்கே நடக்கிற விஷயம் இல்லை. 2014 வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். பிரிட்டன் அரசின் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இன்னொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, பிரிந்தால் எந்த நாணயம்? 2014-ல் ஸ்காட்லாந்தின் முதலமைச்சராக இருந்த அலெக்ஸ் சால்மண்ட், இரு நாடுகளும் பவுண்டைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போதைய பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்கே போய் முடியாது என்று சொன்னார். யாரையும் கேட்காமலும் பவுண்டைப் புழங்கலாம்; ஈக்வடார் 2000 முதல் அமெரிக்க டாலரை அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு வங்கி தள்ளாடினால் பணம் அச்சடித்துக் காப்பாற்ற ஆள் இருக்காது, வட்டியையும் வேறொரு நாடு முடிவு செய்யும். 2022 அக்டோபரில் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட திட்டம், ஆரம்பத்தில் பவுண்டு, பிறகு இயன்ற விரைவில் சொந்த ஸ்காட்டிஷ் பவுண்டு என்றது. நீண்ட காலத்துக்குச் சொந்த நாணயமே சரி என்பது என் கருத்து. ஆனால் அந்த இடைக்காலம்தான் ஆபத்தானது.

செக்கோஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். 1993 ஜனவரி 1 அன்று நாடு பிரிந்தது. கொஞ்ச காலம் ஒரே கொருனாவைப் புழங்குவதாக ஏற்பாடு. ஸ்லோவாக்கிய நாணயம் மதிப்பிழக்கும் என்று பயந்து மக்கள் செக் பக்கம் பணத்தை மாற்றினார்கள். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பிப்ரவரி 8-ல் இரண்டு நாணயம் ஆகிவிட்டது, பழைய நோட்டிலேயே ஸ்டாம்ப் ஒட்டிப் பிரித்தார்கள். ஜூலையில் ஸ்லோவாக்கியா தன் நாணய மதிப்பை 10 சதவீதம் குறைத்தது. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் இல்லை: அயர்லாந்து 1928-ல் சொந்த நோட்டு வெளியிட்டு, 1979 வரை பவுண்டுக்குச் சமமாகவே வைத்திருந்தது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் அரசு ஊழியர். சம்பளம்தான் முதலில் புது நாணயத்துக்கு மாறும். கடன் கொடுத்த வங்கியோ பழைய பவுண்டிலேயே தவணை கேட்கலாம். புது நாணயம் 10 சதவீதம் இறங்கினால், 900 கட்ட உங்களுக்கு 1,000 தேவைப்படும். போலந்தில் ஸ்லோட்டியில் சம்பளம் வாங்கிக்கொண்டு சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள், 2015 ஜனவரியில் ஃபிராங்க் ஒரே நாளில் எகிறியபோது பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அதனால்தான் அந்த 40,000 பவுண்டில் கை வைக்காதீர்கள் என்கிறேன். பவுண்டில் இருக்கும் கடனுக்குப் பவுண்டில் இருக்கும் சேமிப்புதான் காவல். அதை ரூபாயாக மாற்றினால், சம்பளம், கடன், சேமிப்பு மூன்றும் மூன்று நாணயத்தில் நிற்கும். மேலும், என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றாலும், இத்தனை வருடம் பிரிட்டனில் வசிக்கும் நீங்கள் அங்கே அதற்கு வரி கட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது, நிலையான வட்டிக் காலம் முடிந்து கடனைப் புதுப்பிக்கும்போது, நாணயம் மாறினால் தவணை எதில் என்று ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அபராதம் இல்லாமல் எவ்வளவு கூடுதலாகக் கட்டலாம் என்றும் கேட்டு, ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில் கடனைக் குறையுங்கள். அப்பா அம்மாவுக்கோ ஊரில் வீட்டு வேலைக்கோ ரூபாய் வேண்டுமென்றால், அந்தச் செலவுக்கு ஆகும் அளவு மட்டும் அனுப்புங்கள்.